பௌதிகப் பேரறிஞர் ஹோமி பாபா

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த நமக்கு மலையைக் குடைதல் என்பது கேளாத செய்தியன்று. மேற்கே ஓடிக் கடலிற் கலந்துகொண்டிருந்த பெரியாற்று வெள்ளத்தை அணைகட்டித் தடுத்து, மலையைத் துளைத்து வழிசெய்து, 1895-ம் வருஷத்தில் நம் வயல்களின் பக்கம் திருப்பிய பென்னிகுயிக் துரையின் பெயரை நம்மூர்க் குழந்தைகள் இன்றும் தாங்கி வருகின்றனர். அம்மலைத் தொடரிலேயே, தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தின் அருகில், போடி மேற்கு மலையில் இன்னுமொரு சுரங்கம் குடையப்படும் என்ற செய்தி பரவியபோதோ, நன்றிக்கு மாறாக அச்சமே எழுந்தது. தண்ணீருக்காகக் குடைந்த மலையை நாம் அறிவோம். நியூட்ரினோ என்னும் கண்ணுக்குப் புலனாகாத துகளைக் காண்பதற்காக ஒரு மலையைக் குடைவானேன் என்பதை நமக்கு விளங்கச் சொல்வார் அருகில் இலர்.

அச்சுரங்கத்தைக் கோரிய விஞ்ஞான நிலையங்களுள் தலைமை வகித்தது, பம்பாய் என முன்னர் வழங்கிய மும்பை நகரத்திலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமாகும். அதனை நிறுவியவர் காலஞ்சென்ற டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா அவர்கள். அன்னார் நம் குலத்தவரல்லர். நம் மொழியினரும் அல்லர். எனினும், ஒரு தந்தையார் தம் மைந்தனுக்கு அளித்த சம்மதமும், ஒரு சிறு சமூகத்தார் சேர்த்துவைத்த தர்மப் பொருளும் ஒன்றுகூடி எத்துணைப் பெருங்காரியத்தைச் சாதிக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாக விளங்குதலின், அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் எடுத்துரைக்கப் புகுந்தோம். சுரங்க விவகாரத்தில் ஒரு கட்சியில் நின்று வாதாடுதல் நம் கருத்தன்று.

பாபா அவர்கள் 1909-ம் வருஷம் அக்டோபர் மாதம் 30-ம் தேதி பம்பாயில் ஒரு பார்ஸி குடும்பத்திற் பிறந்தார். பார்ஸிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீக நாட்டினின்று குடிபெயர்ந்து கூர்ஜரக் கரையில் வந்து தங்கியவர்கள். அக்காலத்தில் இத்தேசம் முழுவதிலும் அவர்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சமே. தொகையிற் சுருங்கிய அச்சமூகத்தார் வியாபாரத்திலும் கைத்தொழிலிலும் ஈட்டிய பொருளைப் பள்ளிக்கூடங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அறநிலையங்களுக்கும் வழங்கி வந்தனர். அவருள் ஒருவராகிய ஜாம்ஷெட்ஜி டாட்டா அவர்களின் எண்ணத்தால் தோன்றிய பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் நிறுவப்பெற்றதும் பாபா பிறந்த அதே 1909-ம் வருஷத்திலேயாம்.

பாபாவின் பாட்டனார் மைசூர் சமஸ்தானத்துக் கல்வி இலாகாவில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். தந்தையார் ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அத்தையார் மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜியின் மைந்தரான சர் தோராப்ஜி டாட்டாவை மணந்தவர். வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. மேலை நாட்டுச் சங்கீதமும் ஒலித்துக்கொண்டிருந்தது. சித்திரம் எழுதுவதிலும் அவருக்கு இளமையிலேயே கை தேர்ந்தது.

பம்பாயிற் கல்லூரிப் படிப்பைத் தொடங்கிய பாபா, 1927-ம் வருஷத்தில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த கான்வில் அண்டு கீஸ் கல்லூரியிற் சேர்ந்தார். சேர்ந்த துறை இயந்திரப் பொறியியல். அதனைக் கற்றுத் தேர்ந்து திரும்பினால், ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா இரும்புத் தொழிற்சாலையில் உயர்ந்த பதவி காத்திருக்கும் என்பது தந்தையாரும் சர் தோராப்ஜியும் செய்திருந்த ஏற்பாடு. தம் பிள்ளையின் நல்வாழ்வைக் கருதும் எந்தத் தந்தைதான் வேறு விதமாக நினைப்பார்?

ஆயினும் மைந்தர் மனம் வேறிடத்திற் பதிந்துவிட்டது. அக்காலத்திய கேம்பிரிட்ஜ், பௌதிக சாஸ்திரத்தின் தலைநகரங்களுள் ஒன்று. அணுவைப் பிளந்து ஆராய்ந்த ரூதர்போர்டு அங்கே இருந்தார்; எலெக்ட்ரானுக்கு எதிர்த்துகள் ஒன்று உண்டு என்று கணக்கினாலேயே கண்டு கூறிய டிராக் அங்கே போதித்து வந்தார். பொருள்களெல்லாம் எவற்றால் ஆயவை, அவற்றின் அடியில் நிற்கும் விதி யாது என்னும் கேள்வி பாபாவைப் பற்றிக்கொண்டது. 1928-ம் வருஷத்தில் அவர் தந்தையாருக்குக் கடிதம் எழுதி, வியாபாரமும் இயந்திரத் தொழிலும் தம் இயல்புக்கு ஒவ்வாதவை என்றும், பௌதிகமே தம் வழி என்றும் விண்ணப்பித்துக்கொண்டார்.

தந்தையார் சினந்து மறுக்கவுமில்லை, கேட்டவுடன் இணங்கவுமில்லை. இயந்திரப் பொறியியற் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினால், மேலும் கேம்பிரிட்ஜில் தங்கிக் கணிதமும் பௌதிகமும் கற்பதற்குச் செலவு தருவதாக ஒரு நிபந்தனை விதித்தார். மைந்தர் 1930-ம் வருஷத்தில் முதல் வகுப்பில் தேறினார். தந்தையாரும் சொன்ன சொல்லைக் காத்தார். 1932-ல் கணிதப் பரீட்சையிலும் பாபா முதல் வகுப்பிலேயே தேறினார். 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இந்நிபந்தனையை நம் வீட்டுத் தந்தையர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். பிள்ளையின் ஆவல் மெய்யானதா, வெறும் சபலமா என்பதை அளந்தறியவும், தவறினால் பிழைக்க ஒரு வழி வைக்கவும் அது போதுமானதாயிருந்தது.

அவர் செய்த ஆராய்ச்சிகளைச் சிறிது சொல்லுவோம். எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளாகிய பாசிட்ரானும் ஒன்றையொன்று மோதிச் சிதறும் விதத்தைக் கணித்து அவர் எழுதிய கட்டுரை 1936-ல் வெளியாயிற்று. அச்சிதறல் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. அவ்விரு துகள்களையும் மோதவிட்டுப் புதுத்துகள் தேடும் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களில், மோதல்களின் அளவைக் கணக்கிட அதனையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

அண்டவெளியினின்று இடைவிடாது பூமியின்மேற் பொழியும் காஸ்மிக் கிரணங்கள் சில வேளை பெருந்தொகையான துகள்களாய் ஒரே சமயத்தில் வந்து விழுவதன் காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. 1937-ல் பாபாவும் ஹைட்லர் என்னும் அறிஞரும் சேர்ந்து அதனை விளக்கினர். வேகம் மிக்க ஓர் எலெக்ட்ரான் காற்றிலுள்ள அணுக்களின் அருகிற் செல்லும்போது ஒளித்துகளை வெளியிடும். அவ்வொளித்துகள் ஓர் எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பிரியும். அவை மீண்டும் ஒளித்துகள்களை ஈனும். ஒரு மூதாதையினின்று மக்களும் பேரரும் பெருகி வமிசம் கிளைப்பது போலவே, ஒரு துகள் ஆயிரமாய்ப் பல்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் சக்தி பங்கிடப்பட்டுக் குறைவதனால், முடிவில் அப்பெருக்கம் நிற்கும்.

மறு வருஷத்தில் அவர் கூறிய வேறொன்று அதனினும் வியப்புடையது. காஸ்மிக் கிரணங்களில், இக்காலத்தில் மியூயான் எனப்படும் துகள் ஒன்று உண்டு. அதன் ஆயுள் ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்கு செய்தால் அவற்றுள் ஏறக்குறைய இரண்டு பங்கே. ஒளியின் வேகத்திற் சென்றாலும் அத்துணைச் சிறு பொழுதில் அரை மைலுக்கு மேல் செல்லவொண்ணாது. அவ்வாறிருக்க, பல மைல் உயரத்திற் பிறந்து தரைக்கு வந்து சேர்வது எங்ஙனம்? விரைந்து செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாய்க் கழியும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, ஓடும் துகள் நின்ற துகளைவிட நீண்ட நேரம் உயிர்த்திருப்பதாய்த் தோன்ற வேண்டும் என்று பாபா சுட்டிக் காட்டினார். பின்னர்ச் செய்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தின.

1939-ம் வருஷத்தில் பாபா விடுமுறைக்காகத் தாய்நாடு வந்தார். செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. திரும்பிச் செல்லும் வழி அடைபட்டது. 1940-ல் பங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே பௌதிகப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர், நம் திருச்சிராப்பள்ளியிற் பிறந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன் அவர்கள். சர் தோராப்ஜி டாட்டா தம் செல்வமனைத்தையும் வைத்து 1932-ல் ஏற்படுத்திய தர்மநிதி, காஸ்மிக் கிரண ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது. 1941-ல் லண்டன் ராயல் சொஸைட்டி பாபாவைத் தன் அங்கத்தினராக்கிக்கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்று.

யுத்தம் முடிந்தால் மேலை நாட்டுச் சர்வகலாசாலைகள் அவரை வரவேற்கக் காத்திருந்தன. பாபாவோ இந்நாட்டிலேயே தங்குவதென உறுதிகொண்டார். 1944-ம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ம் தேதி அவர் அத்தர்மநிதியின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படைப் பௌதிகத்தை உயர்ந்த தரத்தில் ஆராயும் நிலையம் ஒன்று இந்நாட்டில் அமைய வேண்டும் என்பதும், அங்ஙனம் அமையின், வருங்காலத்தில் அணுசக்தி பயன்படத் தொடங்கும்பொழுது அதற்கு வேண்டிய நிபுணர்களைப் பிற நாடுகளில் தேட நேராது என்பதும் அதன் சாரம். நிதியத்தார் இசைந்தனர், பம்பாய் அரசாங்கமும் துணைநின்றது. 1945-ம் வருஷம் ஜூன் மாதம் பங்களூரிற் பிறந்த டாட்டா நிலையம், அவ்வருஷ முடிவிற் பம்பாய்க்கு வந்தது. முதலில் அதற்கு இடமளித்தது, பாபா அவர்கள் பிறந்த அத்தையார் இல்லமே. 1962-ல் கொலாபாக் கடற்கரையில் அதற்கெனக் கட்டிய மாளிகையை ஜவஹர்லால் நேரு திறந்துவைத்தார்.

கட்டிடத்தை எழுப்பிவிட்டு ஆட்களைத் தேடுவதைவிட, தகுதியுள்ளவர்களைக் கண்டுபிடித்து அவர்களைச் சுற்றி நிலையத்தை வளர்ப்பதே முறை என்பது அவர் கொள்கை. சென்னையினின்று சென்ற அல்லாடி ராமகிருஷ்ணன் அவரிடம் பயின்று, துகட்பெருக்கத்தின் கணிதத்தில் அவருடன் உழைத்தார். பின்னர் 1962-ல் சென்னையில் கணித விஞ்ஞான நிலையத்தை நிறுவினார். பிபா சௌத்ரி என்னும் வங்க மாதரசியைப் பாபா 1949-ல் தம் நிலையத்தில் ஆராய்ச்சியாளராக ஏற்றுக்கொண்டார். புகைப்படத் தகடுகளை உயர்ந்த மலைகளில் வைத்துக் காஸ்மிக் கிரணத் துகள்களை ஆராய்ந்தவர் அவ்வம்மையார். பெண் மக்களுக்கு இத்துறை ஏலாது என்பார்க்கு இஃது ஒன்றே விடையாகும்.

குறை கூறினாரும் உண்டு. ஆராய்ச்சி சர்வகலாசாலைகளிலேயே நடைபெற வேண்டும். அறிஞர்களையும் பொருளையும் தனி நிலையங்களிற் குவித்தால் மாணவர்கள் நிறைந்த கல்லூரிகள் வறண்டுபோகும் என்று மேகநாத ஸாஹா போன்ற பெரியார் வற்புறுத்தினர். அவ்வச்சம் முற்றும் பொய்யாயிற்று என்று நம்மாற் கூற இயலவில்லை. பம்பாயில் நடப்பது உத்தமபாளையத்து மாணவனுக்கு எட்டாமற்போனமைக்கு இதுவும் ஒரு காரணமேயாம்.

நிற்க, நம் மலைக்கும் பாபாவுக்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். பூமிக்குள் ஆழமாகச் செல்லச் செல்லக் காஸ்மிக் கிரணங்கள் எவ்வளவு குறைகின்றன என்பதை அளக்க விரும்பிய பாபா, 1950-ம் வருஷத்தை அடுத்துத் தம் மாணாக்கராகிய ஸ்ரீகண்டன் முதலியோரைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார். தமிழ்நாட்டினின்று சென்ற தொழிலாளர் பலர் உயிரைப் பணயம் வைத்துப் பொன் தோண்டிய சுரங்கங்கள் அவை. ஆழம் மிகுந்த இடத்தில் மேலிருந்து வரும் துகள்கள் முற்றும் ஓய்ந்துபோயின. அந்நிசப்தமே புதிய ஆராய்ச்சிக்கு இடந்தந்தது.

நியூட்ரினோ உண்டு என்று பவுலி என்னும் அறிஞர் 1930-ல் ஊகித்தார். 1956-ல் அது அமெரிக்காவில் அகப்பட்டது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே விநாடிதோறும் பல லட்சம் கோடியாய் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. நம்மைத் தீண்டுவதுமில்லை, நமக்கு ஊறு செய்வதுமில்லை. எதனையும் எளிதில் தொடாமையினாலேயே அதனைப் பிடிப்பது அரிது. திருவிழாச் சந்தடியில் மெல்லிய குரலைக் கேட்க முடியாதது போல, காஸ்மிக் கிரணங்களின் நடுவே அதன் சுவடு புலப்படாது. ஆகவே பெரும்பாறையைக் குடையாகக் கொள்ள வேண்டியதாயிற்று. 1965-ம் வருஷத்தில், கோலாரில் ஏறக்குறைய 7,600 அடி ஆழத்தில், டாட்டா நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய சர்வகலாசாலையினரும் சேர்ந்து, காற்றுமண்டலத்திற் பிறந்த நியூட்ரினோக்களின் சுவட்டைக் கண்டனர். உலகில் அவற்றை முதன்முதல் கண்டவர்களுள் அவர்களும் சேர்ந்தனர்.

பாபா அவர்களின் மற்றொரு பணி அணுசக்தி. 1948-ல் அணுசக்திக் கமிஷனின் தலைவரானார். 1955-ல் ஜினீவாவில் கூடிய அணுசக்தியின் சமாதானப் பயன் பற்றிய உலக மகாநாட்டுக்கு அக்கிராசனம் வகித்தார். 1956-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் டிராம்பேயில் அப்ஸரா என்னும் அணு உலை இயங்கத் தொடங்கியது. மணவாளக்குறிச்சி முதலிய கடற்கரைகளின் மணலிலுள்ள தோரியம் ஒருநாள் நாட்டுக்கு விளக்கேற்றும் என்பது அவர் வகுத்த திட்டம்.

இவ்விரு பணிகளும் ஒருவரிடமே தோன்றினமையால், நம் பள்ளத்தாக்கில் ஒரு மயக்கம் நேர்ந்தது. நியூட்ரினோ ஆராய்ச்சி என்றதும் அணு உலையும் அணுகுண்டும் பலர் நினைவில் எழுந்தன. அஃது உண்மையன்று, நியூட்ரினோவைக் காணும் கருவி எதனையும் எரிப்பதில்லை, தானாக வருவதைப் பார்த்திருப்பது மட்டுமே. ஆனால் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும்போது நீரூற்றும் அணைகளும் என்னாகும், மேய்ச்சல் நிலம் என்னாகும், புலிகள் நடமாடும் காடு என்னாகும் என்ற கேள்விகள் வேறு வகையின. அவை நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடையிறுப்பது கோருவோர் கடமை. பாபா அவர்களே மரங்களை வெட்ட மனம் பொறாதவர்; கட்டிடத்துக்கோ சாலைக்கோ இடைஞ்சலான பெரிய மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவித்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

1966-ம் வருஷம் ஜனவரி மாதம் 24-ம் தேதி, வியன்னா நகரத்துக்குச் சென்றுகொண்டிருந்த பாபா அவர்கள், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மான் பிளாங்க் சிகரத்தில் ஆகாய விமானம் மோதி உயிர்துறந்தார். அவ்விமானத்தில் இருந்த 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது ஐம்பத்தாறு. விவாகம் செய்துகொள்ளவில்லை, தாம் எழுதிய சித்திரங்களையும் தாம் வளர்த்த நிலையங்களையுமே விட்டுச் சென்றார். மறுவருஷத்தில் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது.

கோலாரில் ஆராய்ச்சி பின்னர் ஓய்ந்தது. 2001-ல் பொற்சுரங்கமும் மூடப்பட்டது. அதற்கு ஈடாக வேறொரு மலை தேடியபோது, கடினமான சார்னோகைட் பாறையாலாகிய போடி மேற்கு மலை தகுதியுடையதெனக் கண்டனர். நியூட்ரினோவின் மூன்று வகைகளுள் எடை மிக்கது எது, குறைந்தது எது என்னும் வரிசை இன்னும் முழுதும் தெளிவாகவில்லை. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பைக்கொண்டு அதனைக் காண்பது நோக்கம். 2015-ம் வருஷத்தில் மத்திய மந்திரிசபை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு இசைவளித்தது. எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022-ல் தமிழ்நாட்டு அரசு, புலிகளின் வழித்தடத்தைக் காரணமாகக் காட்டி, அனுமதி தர இயலாதென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவி மட்டும் 2018 முதல் மதுரையில் இயங்கலாயிற்று.

இவ்விவகாரம் முழுவதிலும் நம் உள்ளத்தை வருத்துவது ஒன்றே. சுரங்கம் வேண்டும் என்று வந்தவர்கள் வெளியூரார். வேண்டாம் என்று விளக்க வந்தவர்களிற் பலரும் வெளியூரார். இரு சாராரும் நம் மலையைப் பற்றியே பேசினர். அவர்கள் கூறியவற்றுள் மெய் எது, மிகை எது என்று சீர்தூக்கி, நம் தோட்டத்தாருக்கும் ஆடு மேய்ப்பாருக்கும் எடுத்துச் சொல்ல, பௌதிகமோ பூகர்ப்ப சாஸ்திரமோ கற்ற பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? வைத்தியரும் இயந்திரப் பொறியாளரும் வழக்கறிஞரும் நம்மிடையே பெருகியிருக்கின்றனர், மகிழ்ச்சியே. பயனுள்ள தொழிலன்று என்று நாமே ஒதுக்கிவிட்ட படிப்புத்தான் நம் வாசலில் வந்து நின்றபோது, அதனை வரவேற்கவும் நமக்குத் தெரியவில்லை, அறிந்து மறுக்கவும் தெரியவில்லை.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்வி நிதியில் ஆண்டுதோறும் ஒரு பங்கை, கணிதமும் பௌதிகமும் முதலிய அடிப்படைச் சாஸ்திரங்களைக் கற்க விரும்பும் மாணவர்க்கும் மாணவிகளுக்கும் எனத் தனியே ஒதுக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆனி மாதத்தில் கல்லூரியிற் சேரும் பிள்ளை தயங்கித் தயங்கித் தன் விருப்பத்தைச் சொல்ல வருமானால், ஜஹாங்கீர் பாபா செய்தது போல ஒரு நிபந்தனை விதியுங்கள். அப்பிள்ளை அதனை நிறைவேற்றினால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.